நாலு பேட்டரி

"ஏழு மாசக் குழந்தை இடுப்பில கத்திக்கிட்டு இருக்கு. நீங்க பொம்மைத் தலைக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"பொம்மைத் தலை இல்லம்மா, தலைக்கவசம்," என்றார் கணவர், நிமிராமல். "உள்ளே வேர்வையில ஒட்டாம இருக்கத்தான் பவுடர்."

விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிற மாநாடு. இந்த வருஷம் அவர் விண்வெளிக் காவலன். மூன்று மாதமாக, ஆபீஸ் விட்டு வந்ததும் ரப்பர் அட்டையை வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. குழந்தை அழுதால், "கையெல்லாம் பசை" என்பார். அந்த மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை.

கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான் அவருடைய நண்பன். எதையும் கழற்றி மாட்டுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் ஸ்பேனர். வேஷத்துக்குள் புகுந்தவருக்குக் காது கேட்காது, காலடி தெரியாது. கூடவே நடக்க ஒரு துணையாள் வேண்டும். அது இவன்.

"ஊசி நூல்?"

"இருக்கு."

"சேஃப்டி பின், பசை, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி?"

"இருக்கு, இருக்கு, இருக்கு."

"உள்ளே விட்டுத் தண்ணி குடிக்க நீள ஸ்ட்ரா?"

"ரெண்டு."

"தலைக்கவச ஃபேனுக்கு உபரி பேட்டரி நாலு?"

"இதோ, பையோட பக்கத்து ஜிப்பில." ஸ்பேனர் எட்டிப் பார்த்து டிக் அடித்தான்.

"பிரசவத்துக்குக் கிளம்பினப்போ ஒரு துண்டு எடுத்து வைக்கத் தெரியல உங்களுக்கு," என்றாள் அவள்.

"அன்னிக்கு லிஸ்ட் என்கிட்ட குடுக்கலையே அண்ணி!"

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவர் குளிக்கப் போனார். ஸ்பேனர் தலைக்கவசத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு காருக்குப் போனான். பை மட்டும் கூடத்தில் கிடந்தது.

அந்த ஃபேன் இரண்டு மணி நேரம் ஓடும். அதற்கப்புறம் பேட்டரி மாற்றாவிட்டால் உள்ளே இருக்க முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கழற்றிப் போட்டுவிட்டு மத்தியானமே வந்துவிடுவார். குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம்.

அவ்வளவுதான் அவள் நினைத்தது. நாலு பேட்டரியும் சமையலறை இழுப்பறைக்குள் போயின.

மத்தியானம் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஃபோன் அடித்ததும், 'கிளம்பிட்டார்' என்று எடுத்தாள்.

"அண்ணி… பதறாதீங்க… ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அவர் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, முகம் அடுப்பில் வாட்டியது போல் இருந்தது. டாக்டரம்மா கடுகடுவென்று நின்றிருந்தார்.

"உடம்புச் சூடு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இன்னும் கால் மணி நேரம் தாமதிச்சிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது. இவ்வளவு நேரம் எதுக்கு உள்ளே இருந்தார்?"

ஸ்பேனர் அழுதேவிட்டான். "மேடைக்குப் போற வரிசையில நிக்கும்போது ஃபேன் நின்னுடுச்சு. தலைக்கவசத்துக்குப் பின்னாடி ஆறு ஸ்க்ரூ. கழட்டினா முறை போயிடும். பேட்டரி மாத்தலாம்னு பையைத் திறந்தா, காணோம்! 'பரவால்ல, அடுத்தது நாமதான்'னு கையைக் காட்டினார். அடுத்தது, அடுத்ததுன்னே முக்கால் மணி நேரம் போயிடுச்சு. மேடைப் படியிலேயே சாஞ்சுட்டார். ஆனா நான் டிக் அடிச்சேன் டாக்டர்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

"நீ பார்த்தது சரிதான்டா." கட்டிலிலிருந்து குரல் மெல்ல வந்தது. "அதுக்கப்புறம் நான்தான் சார்ஜ் இருக்கான்னு பார்க்க வெளியே எடுத்தேன். திரும்ப வைக்க மறந்துட்டேன்."

அவளுக்குத் தெரியும்: அவர் எடுக்கவில்லை. குளித்துவிட்டு வந்தவர் நேராகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சொல்லிவிட வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் டாக்டர்," என்று அவள் வாய் சொல்லிற்று. "எல்லாத்தையும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்கன்னு. எங்க கேட்கிறார்?"

டாக்டரம்மா கட்டில் பக்கம் பார்த்தார்.

"ஆமா டாக்டர்," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "சொன்னா."

"பாருங்க! கைக்குழந்தையையும் வெச்சுக்கிட்டு இவங்களுக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லையே!" டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள். 'ஏன்' என்று அவர் கேட்கவில்லை. ஒரு சுடுசொல் இல்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

குழந்தைக்கு விட்டமின் சொட்டு மருந்து கொடுக்கிற நேரம். பாட்டிலைத் திறந்து, சொட்டுக்குழாயில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இப்படிக் குடு," என்று அவர் கையை நீட்டினார்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் குடுக்கறேன்."

"வேண்டாம். அந்தப் பாட்டிலையும் கொண்டா."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டியிருந்த காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னார்:

"இனிமே குழந்தைக்கு எதைக் குடுக்கறதா இருந்தாலும், என்கிட்ட காட்டிட்டுக் குடு."