முப்பத்தேழாவது படம்

தன் புருஷன் பேர்டி எடுத்த பிலிமைச் சூரியனே இறங்கி வந்தாலும் கெடுக்க முடியாதென்று நோறா மட்டக்களப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நம்பாதவன் நோர்மன் ஒருவன்தான்.

அவன் ஊர் ரொக் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன். பேர்டி அந்தக் குழுவைப் பன்னிரண்டு வருஷம் படம் எடுத்தும் ஒன்றில்கூட நோர்மனுக்குத் தலை இல்லை. "கடைசி றோலில உன்ட தலை இருக்கு மனே" என்று சத்தியம் பண்ணியவர், அதைக் கழுவாமலே 1985இல் கண்ணை மூடினார்.

மூன்று வருஷம் கழித்து, கல்குடாவில் குழுவின் கிற்றார்காரனுடைய பெட்டிக்குள் அந்த றோல் அகப்பட்டது. நோர்மன் அதை நோறாவிடம் கொண்டுவரும் வழியில், பாலத்தடிச் சென்றியில், ஆமியின் காவலரணில், மறித்தார்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. அவன் கையைத் தூக்கி நிற்க, ஆமிக்காரன் பிலிமை உச்சி வெயிலில் நுனிவரை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நோறாக்கா, இனி இதில கரிதான் வரும்."

"கழுவினாத் தெரியும்."

அன்று பின்னேரமே பேர்டியின் இருட்டறையில் கழுவினாள். றோலில் இருந்த முப்பத்தாறு படமும் கரி. அதற்கப்பால், இருக்கவே கூடாத முப்பத்தேழாவது படம் ஒன்று தெளிவாக நின்றது. நோறா அதைப் பிரிண்ட் போட்டு நீட்டினாள்.

பாலத்தடிச் சென்றி. ஆமிக்காரன் கையில் தொங்கும் பிலிம். பக்கத்தில் கையைத் தூக்கியபடி ஒருவன், முழுத் தலையோடு. சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை.

"என்ன மனே, கரியா?"

நோர்மன் கதிரையில் இருந்துவிட்டான்.

"இல்லையக்கா. பேர்டி அண்ணன் இண்டைக்கு மத்தியானம் எடுத்திருக்கிறார்."