தேறி வந்த ஆக்டோபஸ்

இந்த வீடியோவில் ஆக்டோபஸ் இன்னும் கொஞ்சம் தேறியிருந்தது.

பிரிசில்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. போன வாரம் தலை சுருங்கி, தோல் தொளதொளத்துக் கிடந்தது. இப்போது உடம்பில் சதை பிடித்திருக்கிறது. வெள்ளைத் தோலில் ஒரு மினுமினுப்புகூட.

"டிரேவர், இங்க வந்து பாரேன். என் ஆளு குண்டாயிட்டா."

பக்கத்து மேசை டிரேவர் ஹெட்போனைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தான். "எங்க ப்ரேசர் டவுன்லேர்ந்து யாரோ பிரியாணி அனுப்பிக்கிறாங்க. நோன்பு மாசமாச்சே."

தொம்மலூரில் ஒரு ஆபீஸின் மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. உள்ளே, பிரிசில்லாவின் திரையில், வெயில் என்றால் என்னவென்றே தெரியாத கடலடி.

அங்கே உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்தது மாதிரி கறுப்புக் கற்கள் கிடக்கும். பேட்டரிக்கு வேண்டிய உலோகம் அவற்றுக்குள் இருக்கிறதாம். வாரியெடுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இயந்திரம் செய்திருக்கிறது. வீடியோவைப் பார்த்துக் கல்லுக்கு மஞ்சள் கட்டம், உயிருக்குச் சிவப்புக் கட்டம் போடுவதுதான் இந்த மாடியில் எல்லோருக்கும் வேலை.

சிவப்பு விழுந்த இடத்தில் இயந்திரம் இறங்காது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பிரிசில்லா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இரண்டாகப் பிளந்த ஒரு கல். அதற்குப் பக்கத்தில், செத்துப்போன கடற்பஞ்சின் தண்டு ஒன்று குச்சி மாதிரி நின்றது. அந்தத் தண்டைச் சுற்றி முட்டைகளை ஒட்டவைத்து, எட்டுக் கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

முட்டையிட்ட ஆக்டோபஸ் இடத்தைவிட்டு நகராது, ஒருவாய் சாப்பிடாது என்று பிரிசில்லா தேடிப் படித்திருந்தாள். அந்தக் குளிரில் குஞ்சு பொரிக்க வருஷக்கணக்கில் ஆகுமாம். பொரித்ததும் தாய் செத்துப்போகுமாம்.

பட்டினி கிடப்பவள் எப்படித் தேறுவாள்? படித்ததுதான் தப்பாக இருக்க வேண்டும். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கவயல் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அப்பா குணசேகர் முதலில் கேட்பதே இந்த ஆக்டோபஸைப் பற்றித்தான். "இன்னாம்மா, உன் புள்ளத்தாச்சி எப்படிக்கிறா?" கேட்டுவிட்டு, "அம்மாம் ஆழத்துலயும் கல்லு எடுக்க வந்துட்டானுங்களா!" என்று சிரிப்பார். சுரங்கத்தில் வாங்கி வந்த இருமல் குறுக்கே வரும்வரை சிரிப்பார்.

இன்றைக்கு நல்ல சேதி சொல்லலாம்.

பிரிசில்லா ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாகச் சிவப்புக் கட்டம் போட ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா?" பின்னால் டீம் லீடர் ரகுராம் நின்றுகொண்டிருந்தார். "ஒரு ஆக்டோபஸ், ஒரு கட்டம். முட்டைக்கெல்லாம் கிடையாதும்மா. இது ரூல்."

"சார், ஒரே ஒரு கட்டம்னா மிஷின் கண்ணுக்குத் தப்பிடும் சார்."

"எந்த மிஷின்?"

"கல்லு எடுக்க வர்ற மிஷின்."

ரகுராம் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "அது ட்ரையல் ஓடி, கல்லை எடுத்துட்டும் போயாச்சும்மா. இது சும்மா கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கத்தான்."

பிரிசில்லாவுக்குப் புரியவில்லை. திரையின் மூலையில் தேதியும் இடமும் எப்போதும் போலக் கறுப்புப் பட்டைக்குள் இருந்தன.

"ஆனா இவ இப்பத்தான் சார் தேறி வர்றா. முட்டைதான் ஏனோ வாராவாரம் சின்னதாயிட்டே போகுது."

"ஆகாம? லேட்டஸ்ட் ஃபைல்தான் மொதல்ல வரும். நீ கடைசியிலேர்ந்து பின்னாடி பாத்துட்டு வர்றே." அவர் அவள் தோளுக்கு மேலே கை நீட்டி முட்டைக் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார். "காபி குடிச்சியா? போய்க் குடி."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பிரிசில்லா காபிக்கு எழுந்திருக்கவில்லை.

முதன்முதலில் ஆக்டோபஸைப் பார்த்த வீடியோவில், அவள் காற்றுப்போன பை மாதிரி தண்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். முட்டைகள் திராட்சைப் பழம் போலப் பெருத்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள் தெரிந்தன.

அதற்கும் முன்னால் பார்த்த வீடியோ? வேலைக்குச் சேர்ந்த அன்று, பழகுவதற்கு என்று கொடுத்தது.

சேற்றில் ஆழமாக இரண்டு தடங்கள். தண்டு இல்லை. கற்களும் இல்லை. தடத்தின் ஓரத்தில், வாருவதில் தப்பிய கல் ஒன்றே ஒன்று கிடந்தது. அது இரண்டாகப் பிளந்திருந்தது.

'உயிர் இல்லை' என்ற பட்டனை பிரிசில்லாதான் அழுத்தினாள். நல்ல வேகம் என்று ரகுராம் சார் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். டிரேவர் கைதட்டினான்.

திரையில் அடுத்த ஃபைல் தானாகத் திறந்துகொண்டது.

முட்டைகளே இல்லை. தண்டு சுத்தமாக இருந்தது.

இருட்டுக்குள்ளிருந்து அவள் நீந்தி வந்தாள். கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல். பிளந்த கல்லை ஒரு கையால் தொட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை போல. விலகி இருட்டுப் பக்கமாகத் திரும்பினாள்.

பிரிசில்லா திரைமேல் விரலை வைத்தாள்.

போனவள் திரும்பி வந்தாள். தண்டின்மேல் ஒரு கையை வைத்தாள். பிறகு இன்னொன்றை.

"அங்க வேணாம்டி." பிரிசில்லாவின் விரல் திரையை அழுத்திக்கொண்டிருந்தது. "அப்பால போ. போடி."

டிரேவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அவள் தண்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வீடு பார்க்க வந்தவள் சுவரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி, நிதானமாக.

பிடித்துப்போய்விட்டது.