கூரைகள் மட்டும் தெரிந்தவன்

சனிக்கிழமைச் சந்தை முடிந்து, பாலத்தடியில் பாலாடைக்கட்டிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

“மதாம், மத்தியானத்துல உடைஞ்ச பானையத் தட்டுற மாதிரி ஒரு மணிச்சத்தம் கேக்குமே, அது எங்க இருக்கு?”

“தோல்காரத் தெரு மாதா கோயில்ல. ஊருக்குப் புதுசா?”

“இல்ல. பல வருஷமா இங்கதான் இருக்கேன்.”

பல வருஷம் இருந்தவனுக்குத் தோல்காரத் தெரு தெரியாதா? பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனால் என் வீட்டுக்கும் அதுதான் வழி. மேட்டில் வண்டியைத் தள்ள ஒரு கை கிடைத்தால் நல்லதுதானே.

தள்ளினான். ஆனால் பத்தடிக்கு ஒரு தரம் நின்றுவிடுவான். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளின் தூண்களைத் தடவிப் பார்த்தான். நீதிபதி மாளிகை வாசலில் இருக்கும் கல்சிங்கத்தின் மூக்கைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டான். எந்தக் கடையின் பெயரும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் இரண்டு வீடுகளுக்கு நடுவே பெரிய தேவாலயத்தின் ஓடு வேய்ந்த கோபுரம் தெரிந்ததும் பேச்சு மாறியது.

“வடக்குப் பக்கத்து ஓடெல்லாம் புதுசு, மதாம். போன குளிர்காலத்துக் காத்துல பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு பேரு கயித்துல தொங்கிக்கிட்டு மாத்துனாங்க.”

இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது தெரியாது.

“அந்தப் பச்சைப் புகைபோக்கி யாரு வீடு? வெயில்காலத்துலயும் புகையுதே. பெரிய குடும்பமா?”

“மருந்துக்கடைக்காரர். ஒண்டிக்கட்டை. அந்த மனுஷனுக்கு எப்பவும் குளிரும்.”

அவன் சிரித்தான். ரொம்ப நாளாகச் சிரிக்காதவன் சிரிப்பதுபோல, கொஞ்சம் தயங்கி.

கோயில் பூட்டியிருந்தது. சாவி எதிர் ரொட்டிக்கடை ழொசியானிடம் இருக்கும்.

“மணியப் பாக்கவா? அதுல பாக்க என்ன இருக்கு, விரிசல்தான் இருக்கு,” என்று முனகியபடியே கொடுத்தாள்.

உள்ளே இருட்டு. அண்ணாந்து பார்த்தான். பால்வாளியைவிடக் கொஞ்சம் பெரிய மணி.

“இவ்வளவு சின்னதா,” என்றான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தரம் இழுத்தான்.

வெளியே நாய்கள் குரைத்தன. நேரங்கெட்ட நேரத்தில் இதென்ன என்று ழொசியான் கத்தினாள்.

“மேல கேட்டிருக்கும்ல?” என்று என்னைக் கேட்டான்.

“மேலயா? கடவுளுக்கா? அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”

அவன் மணி எத்தனை என்று மட்டும் கேட்டான். சொன்னதும் வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை.

என் வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தான். ஒரு பாலாடைக்கட்டியை நீட்டினேன். “உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க, மதாம்,” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினான்.

என் வீட்டுக்கு மேலே அந்தச் சாலையில் ஒரே ஒரு கட்டிடம்தான் உண்டு. சிறை. உயர்ந்த மதிலுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னல்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊரின் கூரைகள் எல்லாம் தெரியும். தெரு ஒன்றுகூடத் தெரியாது.

அவனோடு காவலுக்கு யாரும் வரவில்லை. அவனே போய் இரும்புக் கதவின் பொத்தானை அழுத்திவிட்டு நின்றான்.

எனக்கு என்ன தோன்றியதோ, பின்னாலேயே ஓடினேன்.

“அடுத்து எப்ப விடுவாங்க?”

திரும்பினான். “நேரத்துக்குத் திரும்பி வந்தா, அடுத்த மாசம்.”

“சனிக்கிழமையாப் பாத்துக் கேளுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு.”

கதவு திறந்தது. காவலர் அவனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் அவனைப் பார்த்தார்.

இன்னும் அரை மணி நேரம் இருந்தது.