பின்னறைக்கு ஒரு ஆள்

மூன்று கைகள் உயர்ந்துவிட்டன. பெரியம்மாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

வெளியே வராந்தா நாற்காலியில் அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கதவுதான். அதுவும் சரியாகச் சாத்தாத கதவு.

நர்ஸ் தொண்டையைக் கனைத்தாள். பெரியம்மா காதில் வாங்காதவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே தெருவில் தனித்தனியாக வாடகைக்கு இருந்தவர்கள். ஒருமுறை எங்களில் பஸ் கண்டக்டராக இருப்பவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அடுத்த வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் எழுந்து நடமாடிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அந்த வெட்கத்தில் ஆரம்பித்த பேச்சு, எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய வீடாகப் பிடிப்பதில் போய் நின்றது. ஆளுக்கொரு அறை. ஒரே அடுப்பு. முறை வைத்துச் சமையல்.

பின்னறை மட்டும் காலியாகவே இருந்தது.

புதிதாக ஒருவர் வருவதென்றால் எல்லோருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வந்தவரின் முகத்தைப் பார்த்து, தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று இந்த விதியைப் போட்டதே பெரியம்மாதான்.

அந்தப் பெண்ணை அழைத்து வந்தவள் நர்ஸ். கை முறிந்து மாவுக்கட்டோடு அவளுடைய வார்டுக்கு வந்தவளாம். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாளாம். கட்டுப் பிரித்த அன்றைக்கு, எங்கேயாவது ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். நர்ஸ் வேறெதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும், எதை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பதில்லை.

எங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மெதுவாகப் பேசினாள். மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஷிப்ட் இருக்கும் நாளில் ராத்திரியே காய் நறுக்கி வைத்துவிடுவேன் என்றாள். கண்டக்டர் அதற்குள் பின்னறையைப் பெருக்கிக் கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டாள்.

அவளிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. டீயைக்கூட என் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்.

இப்போது கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் அப்படி என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள். காரணம் சொல்ல வேண்டாம் என்றால் வாயே திறக்க வேண்டாம் என்று அர்த்தமா என்று கேட்டாள். அவள் குரல் வராந்தாவுக்குக் கேட்டிருக்கும்.

எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். மகன் வீட்டில் ஒத்துப்போகாமல் கிளம்பி வந்தவர், இளவயசுப் பெண்களைக் கண்டாலே ஆகாதுபோல என்று நினைத்தேன். நல்லவேளை, நினைத்ததோடு நின்றேன்.

பெரியம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார். விதிப்படி போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

கதவைத் திறந்தார். நாங்கள் மூவரும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றோம்.

அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“அத்தை,” என்றாள்.

எங்கள் வீட்டில் பெரியம்மாவை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

பெரியம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த கையைப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

“இங்க வேணாம்மா. அவனுக்கு இந்த வீடு தெரியும்.”

யாருக்கு என்று கண்டக்டர் கேட்க வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டாள்.

எங்களுக்கும் அவனைத் தெரியும். லீவு நாளில் பழம் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வருவான். கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைப்பான். என்னை வாய் நிறைய அக்கா என்பான். போன தடவை பின்னறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுத்தவனே அவன்தான். இப்படி ஒரு பிள்ளை நமக்கு இல்லையே என்று நான் நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்தை இங்கே இருப்பது தனக்குத் தெரியாது என்றாள் அந்தப் பெண். உன்னால்தான் அம்மா வீட்டை விட்டுப் போனாள் என்று சொல்லிச் சொல்லியே அடித்தவன், எங்கே போனாள் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். பையை எடுத்துக்கொண்டாள். நான் வந்தது தப்பு, மன்னிச்சிடுங்க என்று எங்களைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

யாரும் தடுக்கவில்லை. தடுத்து எங்கே வைத்துக்கொள்வது? எந்த லீவு நாளிலும் அவன் வந்து கதவைத் தட்டலாம்.

அவள் கேட்டைத் திறந்தாள். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எந்தப் பக்கம் போவதென்று அவளுக்கே தெரியவில்லை.

பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். உப்பு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்று சொல்வாரே, அதே குரலில் கேட்டார்.

“அவன் அடுத்த தடவை வந்தா, அம்மா இங்க இல்ல, எங்க போனாங்கன்னு தெரியலன்னு சொல்லிடுவீங்களா? எப்ப வந்தாலும்?”

அவருக்கு அவன் ஒரே பிள்ளை.

நர்ஸ்தான் முதலில் தலையாட்டினாள். பிறகு நான்.

கண்டக்டர் பதில் சொல்ல நிற்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.