மாதாவின் மெழுகுதிரி

கார்ட்டியர்வில் வீட்டின் பின்சந்தில் ஏப்ரல் வெயில் அடிக்கிறது. கூரையிலிருந்து உருகும் பனி, பழைய சிவப்புக் காரின் முதுகில் சொட்டுகிறது. கழற்றிவைத்த சக்கரத்துக்குப் பக்கத்தில் காட்போட் மட்டையை விரித்துக் குந்தியிருக்கிறாள் றெஜினா. புது பிரேக் வாங்கி வைத்தாயிற்று. பழையதைப் பிடித்திருக்கும் கடைசி போல்ட்தான், பதினாறு குளிர்காலத்து வீதி உப்பில் ஊறித் துருவேறி, அசைய மறுக்கிறது. காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிக் கராஜ்காரர் கைவிரித்துவிட்டார். நாளை விடியற்காலை ஐந்து மணி வேலைக்கு அவளுக்கு இந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்து ரப்பர் குழாயை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, காஸ் சுவாலையால் போல்ட்டைச் சுடுகிறாள். பிறகு, மாதா சுரூபத்தின் முன்னிருந்த மெழுகுதிரியோடு பின்னால் நிற்கும் கணவனிடம் கையை நீட்டுகிறாள்.

“இது சுவாமியார் மந்திரிச்ச மெழுகுதிரியப்பா,” என்கிறான் வலன்ரைன், கொடுக்க மனமில்லாமல்.

“வீட்டில வேற மெழுகு எங்க கிடக்கு? தாங்கோ.”

சூட்டில் பட்டதும் மெழுகு உருகி, தாகமெடுத்ததுபோல மரைக்குள் இறங்குகிறது. துரு நாற்றத்துக்கு நடுவே கோயில் வாசனை எழுகிறது. ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயொன்றைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்துகிறாள். டக்கென்று ஒரு சத்தம். அதன்பின் நீண்ட கிறீச்சொலி. மீதியைத் துணியால் பிடித்து விரலாலேயே சுழற்றி எடுத்து, போல்ட்டை வெயிலில் உயர்த்திப் பிடிக்கிறாள்.

வலன்ரைன் மெழுகுதிரியைத் திரும்ப வாங்குகிறான். அதில் பதிந்த அவளுடைய கறுத்த விரலடையாளங்களைச் சட்டை நுனியால் துடைக்கப் போகிறான்.

“துடைக்காதேங்கோ,” என்கிறாள் றெஜினா. “அப்பிடியே கொண்டுபோய் வையுங்கோ. மாதாவும் பாக்கட்டும்.”