பிளாக்செயினில் சீனிச்சாமி

"என்னக்கா, இங்க உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கிட்டு இருக்கீங்க? ஆபீஸ்ல உங்க வீட்டுக்காரரை மாட்டி விடுறாங்க!"

கூட வேலை பார்க்கும் நாகஜோதி மூச்சிரைக்க வந்து சொன்னதும், சீனியம்மாள் கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"யாருடி?"

"மொதலாளிதான். நூலு, பட்டன், அட்டைப்பெட்டி எல்லாம் தானே வாங்குற ஏஐ ஏஜென்ட் ஒண்ணு வந்திருக்குல்ல? அதுக்குத் தனியா வாலட்டாம், பணப்பை மாதிரி. 'இதுக்கு நான் பொறுப்பு'ன்னு ஒரு மனுசன் சாட்சி சொல்லணுமாம். அதை பிளாக்செயின்ல ஏத்திட்டா ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாதாம்!"

"அதுக்கு இவரு எதுக்கு?"

"அது ஒரு லோடு பட்டனைத் தப்பா வாங்கிட்டா யாரைப் பிடிக்கிறது? அதுக்குத்தான்."

சீனியம்மாள் ஆபீசைப் பார்த்து ஓடினாள்.

நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் இந்த பனியன் கம்பெனிக்குப் பதினாறு வருடமாக சீனிச்சாமிதான் பர்சேஸ் பார்க்கிறார். நூலைத் தொட்டே அதன் பருமனை, கவுண்ட் கணக்கில் சொல்லிவிடுவார். ஆனால் போனில் மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடத் தெரியாது. அவரா மெஷினுக்குப் பொறுப்பு?

"முருகா..." என்றபடி ஆபீசுக்குள் நுழைந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் பெண் பூங்குழலி. பக்கத்தில் முதலாளி சென்னிமலை. நடுவில், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சேர்ந்த பிள்ளை மாதிரி சீனிச்சாமி.

"ஏம் மொதலாளி, வாயில்லாத மனுசன்னு இவரு தலையில கட்டுறீங்களா? படிச்சவரு, உங்க மகன் பேரைப் போட வேண்டியதுதானே?"

"குணா சென்னைக்குப் போயிருக்கானுங்க சீனியம்மா. துணி வாங்குற வெளிநாட்டு பையர் இன்னிக்கே வேணும்ங்கறான்."

"சும்மா இரு புள்ள. மொதலாளி கேக்குறாருல்ல" என்றார் சீனிச்சாமி.

"கேட்டா நீங்க தலையையும் கழட்டிக் குடுப்பீங்க!"

சென்னிமலை காதில் வாங்கவில்லை. "கட்டை விரலைப் போன்ல வெய்யுங்க சாமி."

வைத்தார். போன் ஏற்கவில்லை. மறுபடியும் வைத்தார். இல்லை.

"நூலை இழுத்து இழுத்து ரேகையே தேஞ்சு போச்சுங்க. ரேஷன் கடையிலயும் இப்படித்தான்."

சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "ரேகை விழக் கூடாது முருகா. உனக்கு மொட்டை போடுறேன்."

"நீங்களாக்கா?" என்றாள் பூங்குழலி.

"இவருக்குத்தான்."

சென்னிமலை தன் துண்டாலேயே அந்த விரலைத் துடைத்துவிட்டு, தானே பிடித்து அழுத்தினார். டிங் என்றது போன்.

சுவரில் இருந்த காலண்டர் முருகனை சீனியம்மாள் ஒரு பார்வை பார்த்தாள்.

"சார், இன்னொண்ணு கேக்குது" என்றாள் பூங்குழலி. "இந்தச் சாட்சியைப் பின்னாடி வாபஸ் வாங்கலாமா, கூடாதா?"

"வாங்கலாம்னு போடு தாயி!" என்று முந்திக்கொண்டாள் சீனியம்மாள்.

"கூடாதுன்னு போடு கண்ணு" என்றார் சென்னிமலை. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

பாவி மனுசன் என்று வாய்வரை வந்ததை, வெள்ளிக்கிழமையாச்சே என்று விழுங்கினாள் சீனியம்மாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. குணா கூப்பிட்டான். பூங்குழலி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, சாட்சிக்கு யாரு பேருங்க போட்டீங்க?"

"நம்ம சீனிச்சாமி பேரு."

"ஐயோ! இனி அவரு கட்டை விரல் வெக்காம ஏஜென்ட் ஒரு பட்டன்கூட வாங்காதுங்கப்பா! அவரு கம்பெனியை விட்டுப் போனா அன்னிக்கே வாலட்டும் முடங்கிரும். உடனே பேரை மாத்துங்க!"

"வாபஸ் இல்லைன்னு போட்டாச்சே."

"சரி, புது வாலட் போடலாம்."

"புதுசுன்னா பையர் மறுபடியும் முதல்ல இருந்து சோதிப்பான். ஆறு மாசத்துக்கு ஆர்டர் வராதே கண்ணு."

குணா அழாத குறையாகக் கத்தினான்.

"ஏனுங்கப்பா, அவரை அடுத்த மாசத்தோட நிறுத்தறதுக்குத்தானே இந்த ஏஜென்ட்டையே வாங்கினேன்!"

சீனியம்மாள் சட்டென்று புருசன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடடா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் என்னத்தத் தெரியும் கண்ணு?" என்றார் சென்னிமலை, ஒரு வாரமாக உட்கார்ந்து படித்து, வரிக்கு வரி பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்த வாலட் விதிமுறைக் காகிதங்களை மேசை டிராயருக்குள் தள்ளிப் பூட்டியபடி.