எலிசேயோவின் இடம்

ஹவானாவின் ரொட்டிக் கடை வரிசைக்கு வந்த ஓஸ்மெல் வழக்கப்படி கேட்டான்: "கடைசி ஆள் யாரு?"

"என் வீட்டுக்காரர் எலிசேயோ. எனக்குப் பின்னாடி அவர், அப்புறம் நீங்க" என்றாள் வரிசைக் கடைசியில் நின்ற நெரெய்டா.

"ஆளையே காணோமே?"

"கக்கூஸ் போயிருக்கார். மலக்குடல்ல புத்துநோய். வெட்டி எடுத்துட்டு, மிச்சக் குடலை இணைச்சுட்டாங்க. அதுலேருந்து நிமிஷத்துக்கொரு ஓட்டம். மலம் சேர வயித்துல பை வச்சிருந்தா நிம்மதியா நின்னிருப்பார். நான்தான் பை வேண்டாம்னு அடம்பிடிச்சேன்."

முன்னால் நின்ற கிழவர் அவசரமாகத் திரும்பினார். "ஆமா, இப்பதான் ஓடினான். நானும் பார்த்தேன்."

வரிசை நகர்ந்தது. நெரெய்டா தன் ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "அவர் வந்தா இடத்தைக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஓஸ்மெல் முன்னே காலெடுத்து வைத்தான். அவனுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பொறு தம்பி. இது எலிசேயோ முறை."

கடைக்காரரும் ரொட்டியைத் தொடாமல் நின்றார். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"அப்படி எவ்வளவு நேரம்தான் கக்கூஸ்ல இருப்பார்?" ஓஸ்மெல் சீறினான்.

நெரெய்டா தெருமுனை திரும்பி மறையும்வரை அந்தப் பெண் அவளையே பார்த்தபடி நின்றாள். பிறகுதான் அவன் சட்டையை விட்டாள்.

"அவரை வியாழக்கிழமை புதைச்சோம். இப்ப நீ போ தம்பி."